மைக்ரோசாஃப்ட் மைன்கிராஃப்டை வாங்கியது சரியான கணக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 செப்டம்பர் 15 அன்று, ஸ்வீடனைச் சேர்ந்த மோஜாங் என்ற சின்ன கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மோஜாங்கிடம் பெயர் சொல்லும்படி இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: மைன்கிராஃப்ட். பத்து வருடம் தாண்டியும், எந்தப் பெரிய கம்பெனி எந்த கேமை வாங்கினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கியது சரிதான். ஆனால் அன்று சொல்லப்பட்ட காரணங்களில் பாதிக்கு மேல் தேறவில்லை; யாரும் பெரிதாகப் பேசாத ஒரு காரணம்தான் பணத்தைத் திருப்பித் தந்தது.

நான் மைன்கிராஃப்ட் ஆடியதே இல்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே கனசதுரக் கட்டிகளால் ஆன ஓர் உலகம். மண், மரம், கல் எதையும் வெட்டி எடுக்கலாம், வேறிடத்தில் அடுக்கலாம். இரவானால் பேய் பிசாசுகள் வரும், அதற்குள் ஒரு குடிசையாவது கட்டிக்கொள்ள வேண்டும். ஜெயிக்கச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. வீடு கட்டலாம், ரயில் பாதை போடலாம். ரெட்ஸ்டோன் என்ற கனிமத்தை மின்கம்பி மாதிரி ஓடவிட்டு, கேமுக்குள்ளேயே கால்குலேட்டர் செய்தவர்களும் உண்டு.

மார்க்குஸ் பெர்சன் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலாளர் (இணையத்தில் அவர் பெயர் நாட்ச்) 2009 மே மாதம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில்தான் வந்தது. அரைகுறையாக இருந்தபோதே லட்சக்கணக்கானவர்கள் காசு கொடுத்து வாங்கி ஆடினார்கள். விளம்பரத்துக்கென்று பெரிதாக எதுவும் செலவழிக்கவில்லை. யூடியூபில் ஆடிக் காட்டியவர்களே விளம்பரம்.

நாற்பது பேர் வேலை பார்த்த கம்பெனிக்கு 250 கோடி டாலர் அதிகம் இல்லையா?

தலையை எண்ணிப் பார்த்தால் அதிகம்தான். சம்பாத்தியத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2013-இல் மோஜாங்கின் வருமானம் 200 கோடி ஸ்வீடன் குரோனரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி டாலர். அதில் லாபம் 80 கோடி குரோனருக்கு மேல், அதாவது 12 கோடி டாலர் அளவுக்கு. அப்படியானால் விலை, ஒரு வருட லாபத்தைப்போல் இருபது மடங்கு. வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனிக்குப் பங்குச்சந்தையில் யாரும் புருவம் உயர்த்தாத விகிதம் அது. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக், வருமானம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அப்புறம் மார்ச்சில், கடைக்கு வரக்கூடிய பொருள் ஒன்றைக்கூட முடித்திராத, மெய்நிகர் கண்ணாடி செய்யும் ஆக்குலஸ் கம்பெனியை 200 கோடிக்கு வாங்கப் போவதாகச் சொன்னது. அந்தக் காலத்து விலைவாசிப்படி மைன்கிராஃப்ட் மலிவுப் பக்கம்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மைன்கிராஃப்டின் உரிமைக்காக மோஜாங், பெர்சனின் சொந்தக் கம்பெனிக்கு வருடாவருடம் ஒரு பெரிய உரிமத் தொகையைக் கட்டிவந்தது. 2012-இல் மட்டும் அது சுமார் 10 கோடி டாலர். கணக்குப் புத்தகத்தில் அது செலவு. மொத்தமாக வாங்குகிறவரோ அந்தத் தொகையை இனி வேறு யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. அதையும் லாபத்தோடு சேர்த்தால் இருபது மடங்கு என்பது நன்றாகவே குறைந்துவிடும். தலைப்புச் செய்தியில் வந்த 250 கோடியைப் பார்த்து அதிர்ந்த பலர் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கடனா?

ரொக்கம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2014 நடுவில் மைக்ரோசாஃப்ட் கையில் 8,500 கோடி டாலருக்கு மேல் ரொக்கமும் குறுகிய கால முதலீடும் இருந்தன. ஆனால் அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு, வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் பெயரில் அமெரிக்காவுக்கு வெளியே கிடந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பணத்தை ஊருக்குக் கொண்டுவந்தால் 35 சதவீதம் வரை வரி. (வெளிநாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் குறைந்த வரி நாடுகளில் வைத்திருந்ததால் கழிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.) கொண்டுவராவிட்டால் அந்தக் காலத்து அற்ப வட்டிதான்.

ஸ்வீடனில் இருக்கும் கம்பெனியை வாங்க வெளிநாட்டில் கிடக்கும் பணத்தையே கொடுக்கலாம். வரிக்காரரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் 160, 170 கோடியாகச் சுருங்கக்கூடிய பணத்துக்கு, ஸ்டாக்ஹோமில் 250 கோடி மதிப்புள்ள சொத்து கிடைக்கிறது. 2011-இல் லக்ஸம்பர்க்கில் பதிவான ஸ்கைப்பையும், 2014 ஏப்ரலில் ஃபின்லாந்தின் நோக்கியா கைப்பேசிப் பிரிவையும் மைக்ரோசாஃப்ட் வாங்கியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத நிதி அதிகாரிகூட இதற்குத் தலையாட்டியிருப்பார்.

வாங்கும்போதே, 2015 நிதியாண்டில் இந்தக் கொள்முதல் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் கட்டிவரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 250 கோடி போட்ட முதல் வருடமே கையைக் கடிக்காது என்று சொல்ல முடிந்த கம்பெனிகள் குறைவு.

இதே மாதிரி ஒரு கேமை அவர்களே செய்திருக்கலாமே? கட்டிகளை அடுக்குவதில் என்ன ரகசியம்?

ரகசியம் ஒன்றும் இல்லை. மைன்கிராஃப்டைப் பார்த்துச் செய்த கேம்கள் அப்போதே டஜன் கணக்கில் இருந்தன. அதில் ஒன்றாவது அதன் இடத்தைப் பிடித்ததா? இல்லை.

நிரலை எழுதிவிடலாம். ஆனால் லட்சக்கணக்கான யூடியூப் வீடியோக்கள், பலர் சேர்ந்து ஆட ரசிகர்களே நடத்திய ஆயிரக்கணக்கான சர்வர்கள், கேமை மாற்றியமைக்க அவர்களே எழுதிய மோட்கள், பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் பேச்சு, இதையெல்லாம் எந்தக் குழுவும் உட்கார்ந்து எழுத முடியாது. மைக்ரோசாஃப்டின் கணக்கே இதைச் சொல்கிறது. கொடுத்த விலையில் சுமார் 180 கோடி டாலரை நற்பெயர் என்ற தலைப்பிலும், 93 கோடி அளவை வணிகப் பெயர் போன்ற தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகளின் தலைப்பிலும் அவர்கள் எழுதிவைத்தார்கள். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் அந்தக் கணக்கில் தூசு.

சரி, மைக்ரோசாஃப்ட் அன்று சொன்ன காரணங்கள் என்ன? அவை பலித்தனவா?

சத்ய நாதெல்லா 2014 பிப்ரவரியில்தான் தலைமைக்கு வந்திருந்தார். ஜூலையில் 18,000 பேர் வரை வேலையிலிருந்து அனுப்பப்போவதாக அறிவிப்பு. செப்டம்பரில் ஒரு கேமுக்கு 250 கோடி. கேள்வி வரத்தானே செய்யும்? அன்று பேசப்பட்ட பதில்கள் ஏறக்குறைய இவை.

முதலாவது, விண்டோஸ் போன். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அதிகம் விற்கும் கட்டண ஆப்களில் ஒன்று மைன்கிராஃப்ட். விண்டோஸ் போனில் அது கிடையாது. வாங்கிவிட்டால் கொண்டுவரலாம். கொண்டும் வந்தார்கள், 2014 டிசம்பரிலேயே. போன்தான் பிழைக்கவில்லை. நோக்கியா பிரிவை வாங்கியதன் கணக்கில் 760 கோடி டாலரை 2015 ஜூலையில் நஷ்டமாக எழுதினார்கள். ஒரே வருடத்தில் வடக்கு ஐரோப்பாவில் வாங்கிய இரண்டு கம்பெனிகளில் ஒன்றின் கதை அப்படி முடிந்தது.

இரண்டாவது, ஹோலோலென்ஸ். கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் மேசைமேல் மைன்கிராஃப்ட் கோட்டை முளைக்கும். 2015 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் மேடையில் செய்து காட்டியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்த வடிவம் யார் கைக்கும் வரவில்லை. பின்னால் போன் கேமரா வழியாகத் தெருவில் கட்டிகளை அடுக்கும் மைன்கிராஃப்ட் எர்த் 2019-இல் வந்தது. தெருவில் நடந்து ஆட வேண்டிய கேம், ஊரடங்கில் மாட்டிக்கொண்டது. 2021 ஜூன் 30-ஆம் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள்.

மூன்றாவது, கல்வி. இது ஓரளவு பலித்தது. ஆசிரியர்கள் வகுப்பறையில் பயன்படுத்த ஃபின்லாந்தில் உருவான ஒரு தனிப் பதிப்பை 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன்மேல் கட்டி, நவம்பரில் கல்விப் பதிப்பாக வெளியிட்டது. பல நாட்டுப் பள்ளிகளில் இன்றும் ஓடுகிறது. ஆனால் 250 கோடிக்குக் கணக்குச் சொல்லும் அளவு காரணம் அது என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எது பலித்தது?

கேமை விற்றது. அவ்வளவுதான்.

2014-இல் எல்லாருக்கும் இருந்த சந்தேகம் இது: மைன்கிராஃப்ட் ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்ற கேம். மாதச் சந்தா கிடையாது. ஏற்கெனவே 5 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றாகிவிட்டது. வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்திருப்பார்களே, இனி யாரிடம் விற்பது?

இதற்கான பதில் எந்த உத்தியிலும் இல்லை, பிறப்புப் பதிவேட்டில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் உலகத்தில் பல கோடிக் குழந்தைகள் ஆறு ஏழு வயதை எட்டுகிறார்கள். அவர்களுக்கு மைன்கிராஃப்ட் பழைய கேம் கிடையாது. அது கட்டிகளாலானது என்பதால் ஓவியத் தரம் பழசாகிவிட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லை. பிறந்த அன்றே அது பழசாகத்தான் இருந்தது. இன்று இதை ஆடும் பத்து வயதுப் பிள்ளை, இந்த விற்பனை நடந்தபோது பிறக்கவே இல்லை.

2016 ஜூனில் 10 கோடி பிரதிகள் என்று அறிவித்தார்கள். 2019 மே மாதம் 17.6 கோடி. 2020 மே மாதம் 20 கோடி, மாதம் 12.6 கோடிப் பேர் ஆடுகிறார்கள் என்ற தகவலோடு. 2023 அக்டோபரில் 30 கோடி. வாங்கியபோது இருந்ததைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

போட்ட பணம் திரும்பி வந்துவிட்டதா?

மைக்ரோசாஃப்ட் மைன்கிராஃப்டுக்கென்று தனி லாபக் கணக்கு வெளியிடுவதில்லை. நாமே ஒரு மனக்கணக்குப் போடலாம். வாங்கியதிலிருந்து 2023 வரை கூடுதலாக விற்றவை சுமார் 24 கோடிப் பிரதிகள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பதிப்பு 27 டாலரை ஒட்டி, கன்சோலில் 20, போனில் 7. கடைக்காரர் பங்கு, தள்ளுபடி எல்லாம் போக, பிரதிக்கு 8 டாலர்தான் கையில் நின்றது என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொண்டாலும் 190 கோடி டாலருக்கு மேல் வருகிறது. 8 என்பது என் ஊகம். நீங்கள் வேறு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இதன் மேல் நான்கு வரவுகள் இருக்கின்றன. சர்வரை மாத வாடகைக்குத் தரும் ரெல்ம்ஸ். ரசிகர்கள் செய்த உடைகளையும் உலகங்களையும் விற்கும் மார்க்கெட்பிளேஸ், 2017-இல் தொடங்கியது. சீனாவில் நெட்ஈஸுக்குக் கொடுத்த உரிமம். பொம்மை, சட்டை, லெகோ வரை போகும் உரிமத் தொகைகள். செலவுப் பக்கமும் உண்டு: நாற்பது பேர் பல நூறு பேராக வளர்ந்தார்கள், சர்வர் செலவு இருக்கிறது. இரண்டையும் தட்டிக் கழித்துப் பார்த்தாலும், முதல் எப்போதோ திரும்பிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். மரம் இன்னும் காய்க்கிறது என்பது தனி.

படம்கூட வந்ததே?

2025 ஏப்ரலில். உலகம் முழுக்க 95 கோடி டாலருக்கு மேல் வசூல். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி தியேட்டர்களுக்கும் தயாரிப்பாளருக்கும்தான் போகும், ஆகவே இதைக் கேமின் லாபமாகச் சேர்க்காதீர்கள். அந்தப் படத்துக்கான ஒப்பந்தம் மைக்ரோசாஃப்ட் வருவதற்கு முன்பே, 2014 பிப்ரவரியில், வார்னர் பிரதர்ஸோடு பேசப்பட்டது என்பதும் ஒரு வேடிக்கை. பதினோரு வருடம் இழுத்தது.

இவ்வளவு சம்பாதிக்கும் கேமை அதன் சொந்தக்காரர் ஏன் விற்றார்?

சலித்துப்போய். 2011 கடைசியிலேயே மைன்கிராஃப்டின் பொறுப்பை யென்ஸ் பெரியன்ஸ்டனிடம் ஒப்படைத்துவிட்டு பெர்சன் ஒதுங்கிக்கொண்டார். ஆனாலும் எது நடந்தாலும் திட்டு அவருக்குத்தான். 2014 ஜூனில், சர்வர் நடத்துகிறவர்கள் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு விளையாட்டில் சலுகை விற்பதை மோஜாங் கட்டுப்படுத்தப் பார்த்தபோது, ரசிகர்களில் ஒரு பகுதி அவர்மேல் பாய்ந்தது. என் பங்கை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா, நான் என் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்கிற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். மூன்று மாதத்தில் விற்பனை முடிவானது. பணத்துக்காக இல்லை, மன நிம்மதிக்காக என்று விடைபெறும் கடிதத்தில் சொன்னார். கூட நிறுவிய யாக்கோப் போர்செர், கார்ல் மன்னே இருவரும் அவரோடு வெளியேறினார்கள்.

ஒரு முரண் இங்கே உண்டு. ஃபேஸ்புக் ஆக்குலஸை வாங்கியதும், ஃபேஸ்புக்கைக் கண்டாலே எனக்கு ஒவ்வாது என்று ஆக்குலஸ் பதிப்புக்கான பேச்சையே முறித்தவர் இதே பெர்சன். ஆறே மாதத்தில் கேமையே இன்னொரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தார். ரசிகர்கள் அதை மறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடிக்கணக்கானவர்கள் தினமும் புகார் சொல்லும் இடத்தில் தனி மனிதர் உட்கார்ந்திருக்க முடியாது.

வாங்கியபோது ஆட்டக்காரர்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள்?

மைக்ரோசாஃப்டின் பழைய வரலாறு அப்படி. 2002-இல் 37.5 கோடி டாலருக்கு வாங்கிய பிரிட்டிஷ் கேம் நிறுவனமான ரேர், அதன் பழைய புகழுக்கு ஈடாக எதையும் பல வருடம் கொடுக்கவில்லை. 2000-இல் வாங்கிய பஞ்ஜி 2007-இல் பிரிந்து போனது. என்செம்பிளை 2009-இல் மூடினார்கள். (பயம் வீண் என்றும் சொல்ல முடியாது: 2006-இல் வாங்கிய லயன்ஹெட்டை 2016-இல் மூடினார்கள்.)

சோனியின் பிளேஸ்டேஷனில் மைன்கிராஃப்ட் வைத்திருந்தவர்களுக்குத் தனிப் பயம், போட்டிக் கம்பெனி கைக்குப் போனால் நம் பதிப்பு நின்றுவிடுமா என்று. ஜாவாவில் எழுதிய கம்ப்யூட்டர் பதிப்பில் மோட் எழுதி வந்தவர்களுக்கு இன்னொரு பயம்: இவர்கள் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்களோ?

பயந்தது நடந்ததா?

பெரும்பாலும் இல்லை. மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸின் அன்றைய தலைவர் ஃபில் ஸ்பென்சர் எல்லாத் தளத்திலும் தொடரும் என்று அன்றே சொன்னார். தொடர்ந்தது மட்டுமல்ல, கூடியது. 2015 டிசம்பரில் நின்டென்டோவின் வீ யூ, 2017-இல் ஸ்விட்ச் என்று போட்டியாளர்களின் பெட்டிகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். 2017 செப்டம்பரில் போன், விண்டோஸ், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றையும் பெட்ராக் என்ற ஒரே நிரலில் சேர்த்து, யாரும் யாரோடும் ஆடலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முட்டுக்கட்டை போட்டது மைக்ரோசாஃப்ட் இல்லை, சோனி; பிளேஸ்டேஷன் 2019 டிசம்பரில்தான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. ஜாவா பதிப்பும் தனியாக உயிரோடு இருக்கிறது, மோட்களும் அப்படியே.

மனத்தாங்கல்கள் இல்லாமல் இல்லை. பழைய மோஜாங் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்றச் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. 2022 ஜூலையில் அரட்டையில் பேசியதைப் புகார் செய்யும் வசதி வந்தது. அதன்படி தடை விழுந்தால், நம் வீட்டில் நாமே நடத்தும் சர்வரில்கூடச் சேர்ந்து ஆட முடியாது. அதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். மார்க்கெட்பிளேஸில் பிள்ளைகள் கண்ணெதிரே சரக்கை அடுக்கிவைத்திருப்பதும் எனக்கு உவப்பில்லை.

ஆனாலும் ஒரு பெரிய கம்பெனி, 250 கோடி கொடுத்து வாங்கியதை, கேமின் பெயரை மாற்றாமல், அலுவலகத்தை ஸ்டாக்ஹோமிலிருந்து பிடுங்காமல், மைன்கிராஃப்ட் 2 என்று ஒன்றைக் கொண்டுவராமல் பத்து வருடம் பொறுத்தது சாதாரணம் இல்லை. மூன்றாவது வருடமே இரண்டாம் பாகம் எடுக்கச் சொல்லி நெருக்கடி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாம் பாகம் வந்திருந்தால் ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்திருப்பார்கள், பழைய உலகங்களும் மோட்களும் அனாதையாகியிருக்கும். மற்ற வகைக் கேம்களாக டன்ஜன்ஸ் (2020), லெஜண்ட்ஸ் (2023) என்று வெளியிட்டார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதுக்கு ஒரு வருடம்கூட ஆகாமல் புதிய அப்டேட் நின்றது. மூலக் கேமுக்கு அதனால் சேதம் இல்லை.

புகழ் பெற்ற கேமை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டா?

தாராளமாக. ஜிங்கா என்ற கேம் கம்பெனியைச் சொல்லலாம். 2012 பிப்ரவரியில் டிரா சம்திங் என்று ஒரு படம் வரையும் கேம் வந்தது. ஐம்பது நாளில் 5 கோடிப் பதிவிறக்கம். மார்ச்சிலேயே ஜிங்கா ஓடிவந்து அதைச் செய்த ஓஎம்ஜிபாப் கம்பெனியைச் சுமார் 18 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மாதத்திலேயே தினசரி ஆடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு காணோம். அந்த வருடம் முடிவதற்குள் விலையில் பாதிக்குக் கிட்ட நஷ்டமாக எழுதினார்கள், 2013 ஜூனில் அந்த அலுவலகத்தையே மூடினார்கள். மைன்கிராஃப்டை வாங்கும்போது அதற்கு ஐந்து வயது. டிரா சம்திங்குக்கு ஆறு வாரம். எனக்குத் தெரிந்து முக்கியமான வித்தியாசம் இதுதான்.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. நியூயார்க் டைம்ஸ் 2022 ஜனவரி கடைசியில் வேர்டில் என்ற சொல் புதிரை வாங்கியபோது, அது பொதுவெளிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அது நன்றாகவே போனது. விலை கோடி டாலரைக்கூட எட்டவில்லை, குறுக்கெழுத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். வேர்டிலுக்கு வந்த கூட்டத்தைத் திருப்பிவிட அவர்களிடம் வேறு புதிர்கள் இருந்தன. ஜிங்காவுக்கு அந்த வாய்ப்பு இருந்தும் பயன்படவில்லை.

ரோப்லாக்ஸைப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் எதையோ கோட்டைவிட்டது போல இல்லையா?

இது நல்ல கேள்வி, இங்கே நான் கொஞ்சம் தடுமாறுவேன். ரோப்லாக்ஸ் 2006-இலிருந்தே இருக்கிறது, ஆடுவது இலவசம், உள்ளே யார் வேண்டுமானாலும் கேம் செய்து சம்பாதிக்கலாம். 2021 மார்ச்சில் அது பங்குச்சந்தைக்கு வந்தபோது முதல் நாள் முடிவில் மதிப்பு சுமார் 3,800 கோடி டாலர். மைன்கிராஃப்டுக்குக் கொடுத்ததைப்போல் பதினைந்து மடங்கு. அதே வயதுப் பிள்ளைகள், அதே கட்டுமான ஆசை.

மைன்கிராஃப்டையும் அப்படித் திறந்துவிட்டிருந்தால் இன்னும் பெரிதாகியிருக்குமா? ஆகியிருக்கலாம். ஆனால் ரோப்லாக்ஸ் வருடா வருடம் நஷ்டக் கணக்கு காட்டி வருகிறது, குழந்தைகள் பாதுகாப்பு பற்றி வழக்குகளும் அதைத் துரத்துகின்றன. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள்ளேயே ஆடும் கேமாக இருப்பதில் மைன்கிராஃப்டுக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. பங்குதாரர் வேறு மாதிரி யோசிப்பார். நான் பெற்றோர் பக்கம் நின்று பேசுகிறேன்.

மோஜாங் விற்காமல் தனியாகவே இருந்திருந்தால்?

பணத்தில் குறை இருந்திருக்காது. ஆளில்தான் இருந்திருக்கும். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் பதிப்புகளை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 4ஜே என்ற வேறொரு நிறுவனம் செய்துகொடுத்துக்கொண்டிருந்தது; போன் பதிப்பு தனி; கம்ப்யூட்டர் பதிப்பு தனி. ஒன்றில் வரும் புதுமை இன்னொன்றுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இவற்றை ஒன்றாக்க நாற்பது பேர் போதாது. உரிமையாளரே கைகழுவ நினைக்கும் கம்பெனியை யாரோ ஒருவர் வாங்கத்தான் போகிறார். வேறு சில கேம் கம்பெனிகளும் அன்று விசாரித்தன. போன வழி இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம் என்பதைத்தான் சொல்ல முடியும்.

இந்த வெற்றிதான் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்கும் தைரியத்தைக் கொடுத்ததா?

தைரியத்தைக் கொடுத்ததோ இல்லையோ, வாதத்தைக் கொடுத்தது. 2022-இல் அறிவித்த அந்தக் கொள்முதலை அமெரிக்க, பிரிட்டிஷ் போட்டி ஆணையங்கள் மறித்தபோது, மைன்கிராஃப்டை வாங்கியும் பிளேஸ்டேஷனிலிருந்து எடுக்கவில்லையே என்று மைக்ரோசாஃப்ட் எடுத்துக்காட்டியது. எதிர்த் தரப்பு, இடையில் வாங்கிய பெதஸ்டா என்ற கேம் கம்பெனியின் புதிய கேம்களைப் பிளேஸ்டேஷனுக்குக் கொடுக்காததைக் காட்டியது. 2023 அக்டோபரில் வாங்கி முடித்து, 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பினார்கள். ஒரே ஒரு கேமை வாங்கி அதைத் தொடாமல் விடுவது ஒரு வேலை. முப்பது, நாற்பது கேம்களையும் ஆயிரக்கணக்கான ஆட்களையும் வாங்கிவிட்டு அப்படி விட முடியாது. ஆகவே மைன்கிராஃப்டின் கணக்கை அங்கே நகல் எடுக்க வேண்டாம்.

நான் 2011-லேயே காசு கொடுத்து வாங்கியவன். நடுவில் ஆடவில்லை. என் மோஜாங் கணக்கு இன்னும் செல்லுமா?

செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றிக்கொள்ள 2023 செப்டம்பர் 19 வரை கெடு வைத்தார்கள், அப்புறம் டிசம்பர் வரை சலுகை கொடுத்தார்கள். அதற்குள் மாற்றவில்லை என்றால் கேமை மறுபடியும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் உங்கள் உலகத்தின் கோப்புகள் இருந்தால் அவற்றை எடுத்துப் புதிய பிரதியில் போட்டுக்கொள்ளலாம், ஜாவா பதிப்பாக இருக்கும்வரை. கம்ப்யூட்டருக்கு வாங்குகிறவர்களுக்கு 2022 ஜூனிலிருந்து ஜாவா, பெட்ராக் இரண்டும் ஒரே விலைக்குள் சேர்ந்தே கிடைக்கின்றன.